முகம் திருப்பிய குருவி

மார்ச் 4, செவ்வாய்

கட்டுரை முடிந்தது. கல்லூரிக்கு அச்சுக்கலை வகுப்பெடுக்கக் கிளம்பும் அவசரத்திலும் கடைசிப் பத்தியை ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன். தானே எழுதித் தானே கண் கலங்குவது கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் கலங்கியது.

இவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா அந்த மனுஷனுக்குக் கை போச்சுன்னு எந்த டாக்டர் சொன்னார்?" என்றார். மருந்துக்கடைக்காரருக்கு எதற்கும் சீட்டு வேண்டும். படமே சொல்கிறது, பாருங்கள் என்றேன்.

சொல்லத்தானே செய்கிறது? எழுபது வருஷத்துக்கும் பழைய கவிதைத் தொகுதி. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போக இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கவிதைகள் சுமார். அந்தக் கவிஞரைக் கவிதை படிக்கிறவர்களுக்கே தெரியாது. ஆனால் படங்கள்! இருபத்துநான்கு கோட்டோவியங்கள். தையல்காரர், தபால்காரர், கண்ணாடி முன் முகம் மழிப்பவர், ஊசியில் நூல் கோக்கிறவள், எல்லாம் வேலை செய்யும் கைகள். ஓவியர் எங்கேயும் பெயர் போடவில்லை. படத்தின் மூலையில் ஒரு சின்னக் குருவி போடுவார். அச்சகங்களில் அவர் பெயரே 'குருவி' ஆகிவிட்டது. நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்தார், பத்திரிகைகளுக்குத் துணுக்குப் படம் போட்டார், முப்பது வயதில் இந்தப் புத்தகம். அப்புறம் பெயர் சொல்லும்படி ஒன்றுமே இல்லை. சோப்பு உறை, எண்ணெய் லேபிள். ஏன் அப்படி விழுந்தார்?

முதல் பாதிப் படங்களில் எல்லோரும் வலக்கைக்காரர்கள். பின்பாதியில் எல்லோரும் இடக்கை! குருவி முதல் பாதியில் வலது மூலையில் இருந்துகொண்டு வலப்பக்கம் பார்க்கிறது; பின்பாதியில் இடது மூலைக்குப் போய் இடப்பக்கம் பார்க்கிறது. நடுவில் அவருடைய வலக்கை விழுந்துவிட்டது. இடக்கையால் வரையப் பழகினார். மாதிரியாகப் பார்த்து வரைய அவருக்கு இருந்ததும் அந்த ஒரு கைதான்; அதனால் படத்தில் எல்லோரும் இடக்கை. "குருவி உலகத்திடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது" என்று எழுதியிருக்கிறேன். பின்பாதியில் ஒரே ஒரு வலக்கை உண்டு: தரையில் சாக்பீஸால் கிறுக்கும் ஒரு சின்னப் பெண். "இழந்த கையை ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார்" — இது கடைசி வரி. இங்கேதான் கலங்கினேன்.

கூந்தல் எண்ணெய் லேபிள் ஒன்று மட்டும் இடிக்கிறது. புத்தகத்துக்கு நாலு வருஷம் கழித்து வந்தது. அதில் பெண் வலக்கையால்தான் தலை வாருகிறாள், குருவியும் வலப்பக்கம்தான் பார்க்கிறது. ஏதாவது பழைய படத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள். கட்டுரையில் சேர்க்கவில்லை. இடமும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டது. ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம். ஃபோனைக் கீழே வைக்க முடியவில்லை. தங்கை: "அக்கா, அழவே வெச்சுட்ட. மாமா அழுதாரா?" மாமா இருமல் மருந்து பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்திரிகை ஆபீஸிலிருந்து ஒரு நம்பர் கொடுத்தார்கள். குருவியின் மகள்! உயிரோடு, இதே ஊரில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் முதியோர் இல்லத்தில். எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இல்லத்தில் எல்லோருக்கும் 'ஆப்பரேட்டரம்மா'. எழுபத்தெட்டு வயதுக்குக் குரல் கணீரென்று இருக்கிறது. கதவைத் தட்டியதும், "லைன்ல வாங்க, கட் பண்ணாதீங்க" என்றார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், இடக்கையால். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா அடிச்சு அடிச்சுப் பார்த்தா, மாறல" என்றார்.

"எனக்கு அஞ்சு வயசு. வேலைக்கு வேற ஊர் போறேன், போய் லெட்டர் போடறேன்னார். அவ்வளவுதான். அங்க இன்னொரு குடும்பம்னு பின்னாடி தெரிஞ்சுது. அதுகூடப் போகட்டும். எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தேன், எனக்குன்னு ஒரு லைன் வரல டீச்சர்."

புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினார். அந்தச் சின்னப் பெண்ணிடம் வந்ததும் நின்றார். "ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கு பாருங்க. நானும் சின்னதுல இப்படித்தான் உட்காருவேனாம். ஆனா இது சோத்துக்கையால எழுதுதே…" நான் உடனே, அதுதாம்மா அவர் இழந்த கை என்று ஆரம்பித்து என் கட்டுரையைப் பாதி ஒப்பித்தேன்.

முழுக்கக் கேட்டார். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கை விழுந்துதான் போச்சா? நெஜமாவா? அதான் எழுதலையா?"

"ஆமாம்மா" என்றேன்.

"பாவி நான். இத்தன வருஷமா வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே!" என்று அழுதார். பக்கத்து அறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களிடமும், "எங்கப்பாவுக்குக் கை போயிடுச்சாம். எழுத முடியாமப் போயிடுச்சாம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 15, சனி

பதிப்பாளர் ஒருவர் தொகுதியை மறுபதிப்புப் போடுகிறாராம். என் கட்டுரைதான் முன்னுரை. அட்டைக்கே 'இடக்கை' என்று ஏதாவது தலைப்பு வைக்கலாம் என்கிறார். கவிஞர் பாவம், தன் புத்தகத்திலேயே விருந்தாளி ஆகிவிட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

எப்படி எழுத?

இன்று பத்திரிகையில் என் பேட்டி, பெரிய ஃபோட்டோவோடு. காபி ஆறுவதற்குள் தங்கை ஃபோன். "அக்கா, உன் மச்சம் எப்ப வீடு மாத்துச்சு?"

என்னடி உளறுகிறாய் என்று பார்த்தால், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில். வாட்ச் வலது கையில். லே-அவுட் பையன்கள் வேலை. முகம் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும் என்று ஃபோட்டோவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். "அதான் கொஞ்சம் அழகா இருக்க" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவள் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தை எடுக்கப் போய்விட்டேன்.

தபால்காரர் சட்டைப் பை வலது மார்பில். தையல்காரருக்கும் வலது மார்பில். பின்பாதியில் சட்டை போட்ட எல்லோருக்கும் பை வலது மார்பில். முதல் பாதியில் இடது மார்பில், உலகத்தில் எல்லாருக்கும் இருக்கிற மாதிரி. ஒருத்தருக்குக் கை விழுந்தால் ஊரில் உள்ளவர்கள் சட்டைப் பை எல்லாம் பக்கம் மாறுமா?

அவர் ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறார். படத்துக்கு உலோக அச்சு, அதாவது பிளாக், செய்யும்போது ஃபிலிமைத் திருப்பிப் போட வேண்டும், பின்பாதியில் யாரோ போடவில்லை. அவ்வளவுதான். படம் முழுக்கப் பக்கம் மாறி அச்சாகிவிட்டது. எந்தப் படத்திலும் ஓர் எழுத்துகூட இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. குருவி எங்கேயும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

இதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்துகிறவள் யார்? நான். பிளாக்கில் இடம் வலம் மாறும், ஜாக்கிரதை என்று பரீட்சையில் கேள்வி கேட்கிறவள் யார்? நான்தான். "கோடுகள் நடுங்குகின்றன" என்று வேறு எழுதினேனே! மை பரவியிருக்கு. மை பரவினதைப் பார்த்துட்டு நடுக்கம்னு எழுதியிருக்கேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும், தப்பு யாருக்கும் வரும். அந்த எண்ணெய் லேபிள்? அது பார்த்துக்கொண்டே இருந்தது. நான்தான் ஃபைலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இடமில்லை என்று எழுதினேன், இதே நோட்டில், மூன்று வாரம் முன்னால். இடம் இருந்தது.

மார்ச் 24, திங்கள்

வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க கட்டுரையை எங்க வீட்ல சத்தமாப் படிச்சோம்" என்றாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 27, வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன். 'நான்தான் அன்னிக்கே சொன்னேனே' என்பார் என்று தயாராக இருந்தேன். சொல்லவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

ஆப்பரேட்டரம்மாவிடம் சொல்லப்போவதில்லை என்றேன். எழுபத்தெட்டு வயதில் ஒருத்திக்குக் கிடைத்த ஆறுதலை எதற்குப் பறிக்க வேண்டும்? பொய்யாகவே இருக்கட்டும், யாருக்கு நஷ்டம்? நன்றாகத்தான் பேசினேன், வகுப்பில் பேசுகிற மாதிரி.

கல்லா மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்தம்மாவுக்காகச் சொல்லலையா, உனக்காகச் சொல்லலையா?"

கடையில் ஆள் வந்துவிட்டது. பிழைத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். அப்பாவின் ஃபோட்டோ ஒன்று அடிப்பெட்டியில் கிடந்ததாம், இத்தனை வருஷம் வெளியே எடுத்ததே இல்லையாம். அதற்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டு வாங்கி வந்திருக்கிறார். ஒல்லியான ஆள், அடர்ந்த மீசை. சட்டைப் பை இடது மார்பில், அதற்குள் ஒரு பென்சில்.

"நீங்கதான் மாட்டணும் டீச்சர். உங்களாலதான இவரு எனக்குத் திரும்பக் கிடைச்சாரு."

ஸ்டூல் மேல் ஏறினேன். ஆணி அடித்தேன். மாட்டினேன். கீழே இருந்து அவர், "கொஞ்சம் இந்தப் பக்கம்… போதும், போதும்" என்றார். இறங்கினதும் பிஸ்கட் கொடுத்தார். தின்றேன். தண்ணீர் குடித்து இறக்கினேன். இல்லத்துச் சமையல்காரி வந்து, "அம்மா இப்பல்லாம் யார்கிட்டயும் எரிஞ்சு விழறதில்லக்கா" என்றாள்.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஏன் பேசவில்லை? சீ.

ஏப்ரல் 5, சனி

பதிப்பாளர் முன்னுரை கேட்டு நச்சரிக்கிறார். கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது என்று இழுத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சந்தேகம் உங்களுக்குத்தான மேடம்? வாசகருக்கு இல்லையே?"

ஒரு கணம் — ஒரே கணம்தான் — நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

புத்தகமும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துப் போனேன். விளக்கலாம் என்று. விளக்க வேண்டியே இருக்கவில்லை. சட்டைப் பை என்று ஆரம்பித்ததுமே அவர் சுவரில் இருந்த ஃபோட்டோவைத் திரும்பிப் பார்த்துவிட்டார். கண்ணாடியை நீட்டினேன், கையால் தள்ளினார்.

"அப்போ கை நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமாம்மா. அதுக்கப்புறம் அவர் வரைஞ்ச லேபிள்கூட என்கிட்ட இருக்கு. எனக்கு முதல்லயே தெரியும். நான்தான் அதை மறைச்சேன்."

"நல்லா இருந்தும் எழுதல."

அவர் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திரும்பாமலே பேசினார். குரல் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலாக மாறியிருந்தது.

"நெஜமாவான்னு கேட்டேன் உங்களை. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? அதுல என்ன கௌரவம் குறைஞ்சுடும்? லைன் கிடைக்கலன்னா கிடைக்கலன்னு சொல்லணும். கிடைச்சிடுச்சு, பேசுங்கன்னு சொல்லிட்டு, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், அந்தப் பக்கம் யாருமே இல்ல. அதான நடந்துது? இந்த ரூம்ல ராத்திரியும் பகலும் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன் டீச்சர். மன்னிப்பு! நான்!"

மன்னிச்சுடுங்கம்மா என்றேன். அந்த வார்த்தை அந்த அறையில் எவ்வளவு அசிங்கமாகக் கேட்டது.

கிளம்பும்போது ஃபோட்டோவைக் காட்டினார். "எனக்கு எட்டாது. நீங்கதான மாட்டினீங்க, நீங்களே இறக்கிடுங்க."

அதே ஸ்டூல். இறக்கி அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பெட்டிக்குள் குப்புற வைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

லீவு போட்டேன். படுத்தே கிடந்தேன்.

ஏப்ரல் 12, சனி

திருத்தம் எழுதினேன். முதல் தடவை எழுதியதில் 'பிளாக் செய்தவரின் கவனக்குறைவால்' என்று தொடங்கியிருந்தேன். இவர் படித்துவிட்டு, "அவரு செத்து எத்தன வருஷம் ஆச்சோ, அவரை எதுக்கு முதல்ல நிறுத்தற?" என்றார். கிழித்துப்போட்டேன். இப்போது 'நான் தவறாக எழுதினேன்' என்று தொடங்குகிறது. லேபிளை மறைத்ததும் இருக்கிறது. அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று கை அரித்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பன்னிரண்டாம் பக்கத்தில், மெத்தை விளம்பரத்துக்குக் கீழே வந்திருக்கிறது. அழுதவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைப் பார்க்கமாட்டார்கள். பார்த்த ஒருவர், 'என் கண்ணீரைத் திருப்பித் தாருங்கள்' என்று மெயில் போட்டிருக்கிறார். தங்கை, "உனக்கு எவ்ளோ தைரியம்க்கா" என்றாள். எரிச்சலாக வந்தது. முழுப் பக்கத்தில் பொய் சொல்லிவிட்டு மெத்தைக்குக் கீழே உண்மை சொல்வதில் என்னடி தைரியம்?

ஏப்ரல் 21, திங்கள்

ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நின்றால் என்ன. நானாக இருந்தால் நிறுத்தியிருக்கக்கூட மாட்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பதிப்பாளர் கைவிடுவார் என்று நினைத்தேன். திட்டித் தீர்த்துவிட்டு, "ஒண்ணு பண்ணலாம் மேடம். எல்லாத்தையும் நேராத் திருப்பிப் போடுவோம். 'முதல் முறையாகச் சரியான பக்கத்தில்'னு விளம்பரம் குடுக்கலாம்" என்றார். இந்த மனிதர் எதிலும் முளைத்துவிடுவார். முன்னுரை வேறு யாரையாவது கேளுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

இல்லத்துக்கு இரண்டு முறை ஃபோன் செய்தேன். தூங்குகிறார் என்றார்கள். இரண்டு முறையும் காலை பதினோரு மணி.

மே 5, திங்கள்

அவரே கூப்பிட்டார். "டீச்சர், லைன்ல இருக்கீங்களா?" இருக்கேம்மா என்றேன். "சமையக்காரி பேப்பரைக் காமிச்சா. லேபிள் சமாச்சாரத்தையும் எழுதிட்டீங்க போல. சரி. புத்தகம் வருதா, நின்னுபோச்சா?"

வருகிறது, படங்களை நேராகப் போடுகிறார்கள் என்றேன்.

"எடுத்துட்டு வாங்க. நேரா இருந்தா எப்படி இருக்குன்னு ஒரு தடவ பார்த்துடறேன்."

மே 6, செவ்வாய்

ப்ரூஃப் தாள்களைக் கொண்டுபோனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையணை மேல் வைத்தார். தையல்காரர், வலக்கை. தபால்காரர், வலக்கை. ஊசி கோக்கிறவள், வலக்கை.

அந்தச் சின்னப் பெண்ணின் தாள் வந்தது. வெகுநேரம் அதை வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். எல்லாம் திரும்பினால் அதுவும்தானே திரும்பும்? இருபத்துநான்கு படங்களிலும் ஒரே ஒரு இடக்கை. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக்கொண்டு, இடக்கையால் தரையில் கிறுக்குகிறது அந்தக் குழந்தை. மூன்று நான்கு வயது இருக்கும். அவர் கட்டிலில் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தேன். ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி.

முதல் நாளே சொன்னாரே! 'ஆனா இது சோத்துக்கை' என்று இழுத்தாரே! பாதியில் மறித்துக் கட்டுரையை ஒப்பித்தவள் நான். கண்டுபிடித்த பிறகும், சொல்லப் போனபோதும், மறைத்ததை எழுதியபோதும்கூட என் தப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

வாய் நுனி வரைக்கும் வந்தது. இது நீங்கள்தான் அம்மா, பாருங்கள் என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சாக்பீஸ் இருக்கிற இடத்தில் விரலை வைத்தார். இடது கை விரல்.

"அம்மா இந்தக் கையைத்தான் அடிப்பா. சாப்பிடறப்ப முதுகுக்குப் பின்னால கட்டிக்கூட வெச்சிருக்கா. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாராம், சும்மா பார்த்துட்டே உட்கார்ந்திருப்பாராம்." விரலை எடுக்காமலே, "பார்த்திருக்காரு" என்றார். "நல்லாத்தான் பார்த்திருக்காரு. எழுதத்தான் இல்ல."

அழவில்லை. கோபமும் போகவில்லை, கடைசி வாக்கியத்தில் அது அப்படியேதான் இருந்தது.

தாளை என்னிடம் நீட்டினார். "அந்த ஆணி அங்கயேதான் இருக்கு. ஏறுவியா?" முதல் தடவையாக என்னை 'நீ' என்றார்.

ஏறினேன். சட்டம் இல்லை, தாளின் மேல் விளிம்பில் துளை போட்டு மாட்டினேன். ஃபோட்டோவையும் வெளியே எடுக்கட்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும் அங்கயே" என்றார்.

நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கணீரென்று குரல் வந்தது. "டீச்சர்! இதைப் பேப்பர்ல போட்டுடாதீங்க!"

மே 16, வெள்ளி

பதிப்பாளர் ஃபோன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே போட ஒரு குறிப்பு கேட்டிருந்தார். அந்தப் படத்துக்கு 'இடக்கையில் சாக்பீஸோடு ஒரு சிறுமி' என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

"அவ்ளோதானா மேடம்? உங்க ஸ்டைல்ல ரெண்டு வரி உருக்கமா ஏதாவது…"

அவ்வளவுதான் என்றேன்.